பாய்லருக்கும் ரியாக்டருக்கும் புதுப் பேனல்: பழைய ரிலேயா, ஒரே பிஎல்சியா, தனிப் பாதுகாப்பா?

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று நம் பக்கம் சிறிய ஆலை நடத்துகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். "பேனல் ரொம்பப் பழசு, அடிக்கடி டிரிப் ஆகுது. ரிலேயை மாத்தி ஓட்டலாமா, பிஎல்சி போட்டுடலாமா? சேஃப்டிக்குன்னு தனியா ஒண்ணு வேணும்னு இன்னொருத்தர் கொட்டேஷன் குடுத்திருக்கார், விலை ரொம்ப ஜாஸ்தி. அது தேவைதானா?" இதுதான் கேள்வி. (ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்; பிஎல்சி என்பது அதே வேலையைப் புரோகிராம் மூலம் செய்யும் சிறு கணினி; டிரிப் என்றால் ஆபத்து வரும்போது கருவி தானாக நிற்பது.) விறகு பாய்லர் வைத்திருக்கும் டேனரிக்காரரும் (தோல் பதனிடுபவர்) கேட்கிறார், ரியாக்டர் (ரசாயன வினை நடக்கும் கலன்) வைத்திருக்கும் கெமிக்கல் ஆலைக்காரரும் கேட்கிறார். இருவருக்கும் ஒரே பதில் சரிப்படாது.

விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. கட்டுப்பாட்டுக் கருவிகள் கோளாறாகி நடந்த 34 சம்பவங்களை பிரிட்டனின் தொழிலிடப் பாதுகாப்புத் துறை எடுத்துக்கொண்டு, தவறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று ஆராய்ந்தது. 44 சதவீதம், கருவி வாங்குவதற்கு முன்பே, அது என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிய கட்டத்தில் நுழைந்திருந்தது. வடிவமைப்பில் 15, பொருத்தி ஓட்டிப் பார்த்ததில் 6, தினசரி ஓட்டத்திலும் பராமரிப்பிலும் 15. மீதி 20 சதவீதம், எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு யாரோ செய்த மாற்றங்களில். எந்த பிராண்ட் வாங்கலாம் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில், "தண்ணீர் குறைந்தால் எது நிற்க வேண்டும், எது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறோமா? பல ஆலைகளில் அந்தத் தாளே கிடையாது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பது. கரன்ட் போனாலும், சென்சார் ஒயரை எலி கடித்தாலும், ஆலை தானாக நிற்கும் பக்கம் சாய வேண்டும். நல்ல நிலையில் சுற்றில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து, அது அறுந்ததும் டிரிப் ஆவதுதான் சரியான அமைப்பு. ஆபத்து வரும்போது மின்சாரம் வந்து நிறுத்தும் என்று அமைத்திருந்தால், அறுந்த ஒயர் யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது கேள்விதான் இந்த முடிவுக்கே அச்சாணி: ஓட்டுகிற கருவியும் நிறுத்துகிற கருவியும் ஒன்றா? ஒன்றாக இருந்தால் ஒரே கோளாறு இரண்டையும் சேர்த்தே குருடாக்கிவிடும். ஓட்டுவதில் தப்பு வந்த அதே நொடியில் காவலும் இல்லாமல் போகும்.

பிறகு மூன்று நடைமுறை விஷயங்கள். நம் ஆபரேட்டரே ஷிஃப்டில் டிரிப்பைச் சோதிக்க முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்குக் கெட்டால் யார் வந்து பார்ப்பார்? யாராவது பைபாஸ் போட்டால், அதாவது டிரிப்பைச் செயலிழக்க வைத்தால், அது வெளியே தெரியுமா? விலை கடைசியில் வரட்டும். அதிலும் வாங்கும் விலையைவிட வருஷா வருஷம் ஆகும் செலவை முக்கியமாகப் பாருங்கள்.

## பழைய ரிலே பேனலைச் சீர் செய்து ஓட்டுவது

இதைப் பழசு என்று ஒதுக்குவது சரியில்லை. ரிலேவும், மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரும் வேலூரிலேயே கிடைக்கும், நம் ஊர் எலக்ட்ரீஷியனுக்கு வரைபடம் புரியும். உள்ளே புரோகிராம் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. இடி மின்னலோடு வரும் கோடை மழையிலும், ஏறி இறங்கும் வோல்டேஜிலும் எலக்ட்ரானிக் கார்டுகளைவிட இது தாக்குப்பிடிக்கும். கம்பி அறுந்தால் நிற்கும்படி அமைப்பதும் எளிது.

மறைந்திருக்கும் செலவு நம் ஊர்க் காற்றில் இருக்கிறது. டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் சோடியம் சல்ஃபைடு புழங்குகிறது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ரிலேயின் வெள்ளி கான்டாக்டைக் கறுப்பாக்கிவிடும். கறுத்த கான்டாக்ட் வழியாக மின்சாரம் சரியாகப் போகாது, காரணமே இல்லாமல் டிரிப் ஆகும். "அடிக்கடி டிரிப் ஆகுது" என்ற புகாருக்குப் பல இடங்களில் இதுவும் ஒரு காரணம். அப்புறம் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் அவசரம், யாரோ ஒரு துண்டு ஒயரை ஜம்பராகப் போட்டு அந்தச் சுற்றையே ஷார்ட் செய்துவிடுவார்கள். பேனலை சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தள்ளி வைப்பதும், மூடிய வகை ரிலே போடுவதும் பிஎல்சி வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.

அடுத்த குறை பாய்லரில். நம் பாய்லர்களில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பது மிதவை வகை லெவல் சுவிட்ச், நம் ஆட்கள் வாயில் மோப்ரே. பம்பை ஓட்டி நிறுத்துவதும் அதே அறைதான், தண்ணீர் குறைந்தால் டிரிப் செய்வதும் அதே அறைதான். பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை நான் சொல்ல வேண்டியதில்லை. சாஃப்ட்னர் சரியாக ஓடவில்லை என்றால் அந்த அறையில் சேறும் உப்பும் அடைத்து, மிதவை மேலேயே நின்றுவிடும். பம்ப் ஓடாது, டிரிப்பும் ஆகாது. இரண்டாவது கேள்வியில் சொன்ன ஆபத்து, பேனலுக்கு வெளியே, ஒரு இரும்பு அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ரிலேயை மாற்றினாலும் பிஎல்சி போட்டாலும் அது அப்படியேதான் இருக்கும். வேறு துளையில் இரண்டாவதாக ஒரு எலக்ட்ரோடு வகை லெவல் சுவிட்ச் வேண்டும். பாய்லரின் உடலான ஷெல்லில் புதிதாக வெல்டிங் செய்வதென்றால் கொதிகலன் துறையின் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. பயன்படாமல் மூடி வைத்த ஸ்டாண்டு (ஷெல்லில் ஏற்கெனவே உள்ள இணைப்புக் குழாய்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எளிய கருவி என்பதற்காக அது தானாகக் காப்பாற்றிவிடாது. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் தொட்டியின் அளவுமானி அதிகாலை மூன்று மணி வாக்கில் ஒரே எண்ணில் சிக்கிக்கொண்டது. தொட்டி நிரம்பிக்கொண்டே போனது. கடைசிக் காவலாக, தனியாக ஒரு உயர்மட்ட சுவிட்ச் இருந்தது. அதன் சோதனை லீவரை சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டு போட்டிருக்க வேண்டும். அந்தப் பூட்டு எதற்கு என்று பொருத்தியவர்களுக்குத் தெரியவில்லை, போடவில்லை. சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஆறு மணிக்கு வெடித்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

## எல்லாவற்றையும் ஒரே பிஎல்சிக்குள் கொண்டுவருவது

விற்பவர்கள் அதிகம் பேசுவது இதைப் பற்றித்தான். திரையில் எல்லாம் தெரியும், பதிவு இருக்கும், எந்த நேரத்தில் எது டிரிப் ஆனது என்று எடுத்துப் பார்க்கலாம். டிரம்மின் நேரக்கணக்கு, கெமிக்கல் டோசிங், கழிவுநீர் பம்புகள், வெப்பநிலையை ஒரே சீராக வைப்பது போன்றவற்றில் பிஎல்சிக்கு ரிலே ஈடாகாது. இதை நான் முழு மனதோடு சொல்வேன்.

ஆனால் உயிர் காக்கும் டிரிப்பையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே போடச் சொல்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

வேலூர் மருத்துவமனைகளுக்கு வந்து போகிறவர்களுக்குக் கதிரியக்க சிகிச்சை தெரியும். அந்தத் துறையில் நடந்த ஒரு விபத்து நம் பேனல் அறைக்கு நேரடியாகப் பொருந்தும். தெராக்-25 என்ற கருவிக்கு முந்தைய மாடலான தெராக்-20-இல் தவறான அளவு கதிர் பாயாமல் தடுக்க வன்பொருள் இன்டர்லாக்குகள் (நிலைமை சரியில்லை என்றால் இயங்கவிடாத தடைகள்) இருந்தன. புதிய மாடலில் அவற்றை எடுத்துவிட்டு, அந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது, குறைந்தது மூன்று பேர் அதனால் இறந்தார்கள். பிறகு தேடியபோது, அந்த மென்பொருள் தவறுகளில் ஒன்று பழைய மாடலிலும் இருந்தது தெரியவந்தது. அங்கே ஃபியூஸ் போனது, கருவி நின்றது, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பழைய பேனலிலிருந்து டிரிப் ரிலேக்களைக் கழற்றி எடைக்குப் போடும்முன் இதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

பிஎல்சியின் வெளியீட்டுக் கார்டும் தன் பங்குக்கு ஆபத்தானது. ட்ரயாக் (ஒரு மின்னணு சுவிட்ச்) வகை வெளியீடுகள் கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடுகின்றன. அதாவது புரோகிராம் "நிறுத்து" என்று சொன்னாலும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். திரையில் "நின்றது" என்று காட்டவும் கூடும். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்தது இதே ரகம். வால்வை மூடச் சொல்லி உத்தரவு போனது, விளக்கு அணைந்தது. அந்த விளக்கு உத்தரவைத்தான் காட்டியது, வால்வின் உண்மையான நிலையைக் காட்டவில்லை. வால்வு திறந்தே கிடந்தது, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உங்கள் திரையில் தெரியும் பச்சை விளக்கு எதைக் காட்டுகிறது, பிஎல்சியின் உத்தரவையா, வால்வின் நிலையை நேரில் உணரும் லிமிட் சுவிட்சையா? கொட்டேஷன் கொடுத்தவரிடம் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

அலாரம் இன்னொரு வலை. பிஎல்சியில் அலாரம் சேர்க்கச் செலவே இல்லை, அதனால் எல்லாவற்றுக்கும் அலாரம் வைப்பார்கள். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் உள்ள மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில், மின்னல் தாக்கியதில் தொடங்கிய குழப்பம் மணிக்கணக்கில் நீண்டது. மூடியிருந்த ஒரு வால்வை திரை திறந்திருப்பதாகக் காட்டியது. வெடிப்பதற்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் அடித்தன. இரண்டு பேர் எதைப் படிப்பார்கள்? 26 பேர் காயமடைந்தார்கள். ஹூட்டர் அடித்ததும் கை தானாக சைலன்ஸ் பட்டனுக்குப் போகிற பழக்கம் நம் ஷிஃப்டிலும் உண்டு. அலாரம் நூறு இருந்தால் அந்தக் கையைக் குறை சொல்ல முடியாது.

மறைந்த செலவுகள்: புரோகிராமின் பாஸ்வேர்டை விற்றவரே வைத்துக்கொள்வது, சின்ன மாற்றத்துக்கும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஆள் வர வேண்டியிருப்பது, சர்வீஸுக்கு வந்தவர் ஒரு உள்ளீட்டை ஃபோர்ஸ் செய்துவிட்டு (சென்சார் எதைச் சொன்னாலும் மாறாதபடி பிடித்து வைத்துவிட்டு) எடுக்க மறந்து போவது. மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மூடிய பேனலுக்குள் அதைவிட இன்னும் அதிகம். பல பிஎல்சிகளின் வரம்பு 55 டிகிரி. ஆக பேனலுக்கு ஏசியும் அதன் கரன்ட் பில்லும் இந்தக் கணக்கில் சேரும்.

## ஓட்டுவதற்கு பிஎல்சி, நிறுத்துவதற்குத் தனிச் சுற்று

இதில் பாதுகாப்புக்குத் தனி சென்சார், தனி ரிலே அல்லது தனிப் பாதுகாப்பு பிஎல்சி, தனி வால்வு அல்லது கான்டாக்டர் இருக்கும். ஓட்டும் பிஎல்சி உறைந்து போனாலும், தப்பாக ஓட்டினாலும், இந்தச் சுற்று அதைக் கேட்காமலே நிறுத்திவிடும். இவற்றை எஸ்ஐஎல் என்ற தரநிலையில் அளப்பார்கள். எஸ்ஐஎல் 1 என்றால், அவசரத்தில் அழைக்கும்போது பத்தில் ஒரு தடவைக்கு மேல் கைவிடக் கூடாது. எஸ்ஐஎல் 2 என்றால் நூறில் ஒரு தடவைக்கு மேல் கூடாது. இந்த எண் பெட்டிக்கு மட்டும் உரியது அல்ல, சென்சாரிலிருந்து வால்வு வரை முழுச் சங்கிலிக்கும் உரியது. சான்றிதழோடு ஒரு ரிலேயை வாங்கி அடைத்துப்போன சென்சாரோடு இணைத்தால், சான்றிதழ் ஃபைலில் மட்டுமே இருக்கும்.

இதன் பெரிய மறைசெலவு சோதனை. வருஷத்தில் சில நாள் ஆலையை நிறுத்தி, ஒவ்வொரு டிரிப்பையும் நிஜமாக இயக்கிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். அந்த உற்பத்தி இழப்பை யாரும் கொட்டேஷனில் போடுவதில்லை. சோதிக்காவிட்டால் மேலே சொன்ன எண்களுக்கு அர்த்தமே கிடையாது. டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று ஒரு கோபுரத்தில் 150 அடிக்கு மேல் திரவம் ஏறியிருந்தது. தவறாக அளவுதிருத்தம் செய்த கருவி பத்தடிக்கும் கீழே இருப்பதாக, அதுவும் குறைந்து வருவதாகக் காட்டியது. தனியாக இருந்த உயர்மட்ட அலாரமும் அடிக்கவில்லை. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

நெட்வொர்க்கில் இணைக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். 2017-இல் சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், பாதுகாப்பு பிஎல்சியையே குறிவைத்து எழுதிய ட்ரைட்டன் என்ற தீநிரல் உள்ளே போனது. அந்தப் பெட்டியின் சாவி, புரோகிராம் மாற்றும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. நல்லவேளை, ஆலை டிரிப் ஆகி நின்றதால் விஷயம் வெளியே வந்தது. சாவியை ஓட்ட நிலையில் திருப்பி, எடுத்து மேலாளரிடம் வைக்கக் காசு எதுவும் ஆகாது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பழைய ரிலே, சீர் செய்தது | ஒரே பிஎல்சி | பிஎல்சி + தனிச் சுற்று |
|---|---|---|---|
| கம்பி அறுந்தால் | சரியாக இணைத்திருந்தால் நிற்கும் | புரோகிராம் எழுதியவரைப் பொறுத்தது | நிற்கும் |
| ஓட்டுவதும் நிறுத்துவதும் | பெரும்பாலும் ஒரே சென்சார் | எல்லாமே ஒன்று | தனித்தனி |
| ராத்திரி ரிப்பேர் | உள்ளூர் ஆளே போதும் | வெளியூர் ஆள், லேப்டாப் | ரிலே வகை என்றால் உள்ளூர் ஆள் |
| பைபாஸ் | ஜம்பர், கண்ணில் பட வாய்ப்புண்டு | ஃபோர்ஸ், வெளியே தெரியாது | சாவி, விளக்கு வைத்தால் தெரியும் |
| வாங்கும் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| தொடரும் செலவு | கான்டாக்ட் துப்புரவு | ஏசி, சர்வீஸ், புரோகிராம் காப்பு | சோதனை நாட்கள் |

## எந்த ஆலைக்கு எது

விறகு பாய்லர் மட்டும் வைத்திருக்கும் டேனரி. ரிலே பேனலே போதும். ஆனால் இரண்டாவது லெவல் சுவிட்ச் கட்டாயம். விறகு பாய்லரில் டிரிப் என்பதன் பொருளே வேறு என்பதையும் மறக்கக் கூடாது. எண்ணெய் பர்னரை அணைத்தால் தீ அணைந்துவிடும். இங்கே ஃபேனை நிறுத்தினாலும் அடுப்பில் கிடக்கும் விறகு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் டிரிப்புக்குச் செலவிடும் காசில் ஒரு பங்கு, கரன்ட் இல்லாமலும் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டருக்கோ ஜெனரேட்டரில் இணைத்த இரண்டாவது பம்புக்கோ போக வேண்டும். தண்ணீர் வற்றிச் சிவந்த பாய்லரில் பதறிப்போய்த் தண்ணீர் விடக் கூடாது என்பதை ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஷிஃப்டுக்கு ஒரு முறை மிதவை அறையை புளோடவுன் செய்து (அடிவால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றி), ஃபேன் நிற்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும். சேறும் வெளியேறும், டிரிப்பும் சோதனையாகும்.

எண்ணெய் அல்லது எரிவாயு பர்னர் பாய்லர். பர்னரோடு வரும் தீச்சுடர் கண்காணிப்புக் கருவி ஏறக்குறைய ஒரு தனிப் பாதுகாப்புச் சுற்றுதான். அதை பிஎல்சிக்குள் "இணைத்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

வெப்பம் உமிழும் வினை நடக்கும் ரியாக்டர். மூன்றாவது வழிதான், இதில் பேரம் இல்லை. புளோரிடாவில் டி2 லேபரட்டரீஸ் என்ற சின்ன ஆலையில் 2007 டிசம்பர் 19 அன்று குளிர்விக்கும் ஏற்பாடு ஒன்றுதான் இருந்தது, மாற்று இல்லை. அது கைவிட்டது, வினை கட்டு மீறியது, 4 பேர் இறந்தார்கள். இங்கே வெப்பநிலை டிரிப் தனி சென்சாரில் இருக்க வேண்டும், மூலப்பொருள் செல்லும் ஃபீட் வால்வு தானாக மூட வேண்டும், கரன்ட் போனாலும் குளிர்நீர் ஓட வேண்டும், அழுத்தம் மீறினால் உடைந்து வழிவிடும் ரப்சர் டிஸ்க்கின் அளவு அந்த வினைக்குப் போட்ட கணக்காக இருக்க வேண்டும்.

கழிவுநீர் நிலையம், டிரம், டோசிங். ஒரே பிஎல்சி தாராளமாகப் போதும். தொட்டிக்குள் ஆள் இறங்கும் இடங்கள் மட்டும் விதிவிலக்கு. சல்ஃபைடு கலந்த நீரோடு அமில நீர் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், செறிவு கூடினால் மூக்கு அதன் வாடையையே உணராமல் போய்விடும். அங்கே வாயு சென்சாரும் புளோயரும் தனிச் சுற்றில் இருக்கட்டும். சென்சார் இருக்கிறது என்பதற்காக ஆளை இறக்காதீர்கள்.

கையில் காசு குறைவு, ஆனாலும் பிஎல்சி வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது: புதுப் பிஎல்சியை ஓட்டும் வேலைக்கு மட்டும் போடுங்கள். பழைய பேனலின் டிரிப் சங்கிலியை, புது ரிலேக்களோடு, கான்டாக்டர் காயிலுக்குத் தொடரில் அப்படியே விட்டுவிடுங்கள். பிஎல்சி "ஓடு" என்றாலும் சங்கிலி அறுந்திருந்தால் மோட்டார் ஓடாது. சான்றிதழ் பெற்ற அமைப்புக்கு இது சமம் இல்லை, ரியாக்டருக்குப் போதவும் போதாது. ஆனால் சிறு பாய்லருக்கு, ஒரே பிஎல்சியைவிட இது எவ்வளவோ மேல்.

## மூன்றும் தொடாத இடங்கள்

சென்சார் எங்கே இருக்கிறது என்பதை எந்தப் பேனலும் திருத்தாது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்த தொட்டியில் வெப்பநிலையை அடிப்பகுதியில் மட்டுமே அளந்தார்கள். சூடேறியது மேல்பகுதியில். 12 உயிர்கள் போயின.

2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்ததையும் சிலர் இந்தப் பேச்சில் கொண்டுவருகிறார்கள். அது கட்டுப்பாட்டுக் கருவியின் கோளாறு இல்லை, சுவர் தாங்கவில்லை. எங்கே ஆள் தூங்குகிறார், அவர் தலைக்கு மேல் என்ன நிற்கிறது என்று பார்ப்பது பேனலுக்கும் முந்தைய வேலை.

## கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

டிரிப் பட்டியல் ஒரு தாளில், தமிழில், ஆபரேட்டர் படிக்கும்படி. புரோகிராமின் பிரதியும் பாஸ்வேர்டும் உங்கள் கையில். பைபாஸ் என்றால் சாவியோடு, எரியும் விளக்கோடு, பதிவேட்டில் கையெழுத்தோடு. புரோகிராமில் எந்த மாற்றம் செய்தாலும் அது தொடும் டிரிப்புகளை மறுபடி சோதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை. கடைசித் தவணைப் பணம், உங்கள் ஆபரேட்டர் முன்னிலையில் ஒவ்வொரு சென்சார் ஒயரையும் கழற்றி, ஒவ்வொரு முறையும் ஆலை நின்றதைக் காட்டிய பிறகு.